வவுச்சரும் வன்சொல்லும்



மலையக நகரங்களில் மாத முதற்கிழமையிற் கடைத்தெருவுக்குச் செல்வோர், கடைகளில் இரு வரிசைகளைக் காணலாம். கையிற் காசோடு நிற்பவர் ஒரு வரிசை. கையிற் சீட்டோடு ஓரமாக நிற்பவர் மற்றொரு வரிசை. இவ்விரண்டாம் வரிசை எந்தச் சட்டத்தினாலும் ஏற்பட்டதன்று. காசாளரின் நாவினால் ஏற்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலையில் மாணவருக்குப் பாதணி வவுச்சர்களை வழங்கினோம். ஒரு வாரம் கழித்து ஒரு தாய் என்னிடம் வந்து, தம் மகளுக்குக் கொடுத்த வவுச்சரை மேசைமீது வைத்தார். "சேர், இத நீங்களே வச்சுக்குங்க. கடன்பட்டாவது சப்பாத்து வாங்கிக் குடுத்துக்கிறேன்" என்றார். நடந்தது இதுதான். அவர் நகரத்துக் கடையொன்றில் மகளோடு நின்றிருக்கிறார். "வவுச்சர்காரங்க ஓரமா நில்லுங்க, காசு குடுக்கிறவங்கள மொதல்ல விடுங்க" என்று காசாளர் அதட்டியிருக்கிறார். அரை மணி நேரம் நின்றபின், "ஓசிச் சாமானுக்கு இத்தனை அளவு பார்க்கணுமா?" என்ற ஏச்சும் கிடைத்திருக்கிறது. ஆறாந் தரத்தில் படிக்கும் அச்சிறுமி அதனைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இலங்கையில் சீட்டுக்கொண்டு பொருள் வாங்குதல் புதிய வழக்கமன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், பர்மா அரிசி வருவது நின்றது, பங்கீடு வந்தது, கூப்பன் என்னும் சொல் வீட்டுச் சொல்லாயிற்று. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் மூண்டது; அவ்வாண்டே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. 1995இற் சமுர்த்தி வந்தது. அதன் முத்திரைகள் சங்கக்கடைகளிற் செல்லுபடியாயின. 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் உதவிப் பணம் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. பாடசாலைச் சீருடைத் துணியோ 1993 முதல் இலவசமாக வழங்கப்பட்டு, 2016ஆம் கல்வியாண்டை ஒட்டிச் சில காலம் வவுச்சராக மாறியது. ஆகவே, கூப்பனைக் கையிலேந்தாத குடும்பம் இந்நாட்டில் அரிது. ஏச்சுக் கொடுத்த அந்தக் காசாளரின் பாட்டியாரும் கூப்பன் வரிசையில் நின்றவராகவே இருத்தல் கூடும்.

காசாளர் கடுகடுப்பதற்குக் காரணம் உண்டா? உண்டு. காசு உடனே பெட்டியில் விழும், வவுச்சரோ அப்படியன்று. பெயரையும் பெறுமதியையும் முடிவுத் திகதியையும் பார்த்து, ஒப்பம் பெற்று, கட்டாகக் கட்டி அனுப்பி, பணம் வருமளவும் காத்திருத்தல் வேண்டும். அவ்வேலைச் சுமையும், முதலாளியின் முணுமுணுப்பும், நாள் முழுதும் நின்ற கால்வலியும் அவர் நாவில் வந்து இறங்குகின்றன. இது காரணமே, நியாயமன்று. வவுச்சரின் பெறுமதியைக் கடைக்காரர் அரசிடம் பெற்றுக்கொள்கிறார். அவர் தருமம் செய்யவில்லை, வியாபாரம் செய்கிறார்.

அவ்வவுச்சர் ஓசியும் அன்று. தேயிலை அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகிறது. அதன் கொழுந்தைக் கொய்தவை இத்தாய்மாரின் கைகள். இத்தாய்மார் கடையில் வாங்கும் பல பொருள்களின் விலையில் வரியும் அடங்கியிருக்கிறது. திறைசேரியிலிருந்து வரும் வவுச்சரில் அவர்களுடைய பங்கும் உண்டு.

இனி, செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, வீட்டிலேயே வவுச்சரைப் படித்துப் பாருங்கள். வாசிக்க இயலாதவர் பிள்ளையைக்கொண்டு வாசிப்பியுங்கள். பெயர், பெறுமதி, முடிவுத் திகதி, பாடசாலை முத்திரை ஆகியன சரியாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, பொருளைத் தெரிவு செய்யுமுன்னரே, "இந்த வவுச்சர் இங்கே எடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். எல்லாக் கடைகளும் அதற்கு உரியனவல்ல. கடைசியில் எழும் சச்சரவிற் பெரும்பகுதி இக்கேள்வியால் ஒழியும். மூன்றாவது, தனியே செல்லாது அயலவர் ஒருவரோடு செல்லுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏச்சு வந்தால், ஏச்சினால் விடையளிக்க வேண்டாம். "தம்பி, நானும் வரிசையிலதான் வந்தேன். என்னோட முறை வந்திருச்சு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் அமைதியாகச் சொல்லுங்கள். பயனில்லையாயின் முகாமையாளரைக் கேளுங்கள். விலைக்கு மேல் காசு கேட்டாலோ, தரங்குறைந்த பொருளைத் தலையிற் கட்ட முயன்றாலோ, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்குதல் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமையாகும். அவ்வதிகாரசபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி எண் 1977. பாடசாலை வவுச்சராயின், அதிபரிடமும் வந்து நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். தமிழில் எழுதிக் கொடுத்தாலே போதும். தமிழும் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழியாகும்.

காசாளர் பணிபுரியும் நண்பர்களுக்கும் ஒரு சொல். வள்ளுவர் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இன்சொல் கூறக் கடையின் முதலிற் சதமும் குறையாது. இன்று வவுச்சரோடு வரும் பிள்ளை நாளை சம்பளத்தோடு வரும். எந்தக் கடையில் தன் தாய் தலைகுனிந்தாள் என்பதை அது மறவாது.

அத்தாயிடம் இவற்றையே கூறி, வவுச்சரைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து லயத்துப் பெண்மணி ஒருவரோடு அதே கடைக்குச் சென்றார். முதலிலேயே கேட்டார், தம் முறையில் நின்றார், அளவு பார்த்து வாங்கினார். காசாளர் அன்றும் முகம் மலரவில்லையாம். "பரவாயில்ல சேர், இந்தத் தடவ நான் ஓரமா நிக்கல" என்றார் அத்தாய். மகளையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார்.