விவேக் நினைவாக மரக்கன்று: நட்டால் போதுமா? தண்ணீர் ஊற்றுவது யார்?

சென்னை மக்களைச் சிரிக்க வைத்தவர், ஒரு நாள் காலையில் அழ வைத்துவிட்டுப் போனார். 2021 ஏப்ரல் 17-ந் தேதி நடிகர் விவேக் காலமானார். வயது 59. கொரோனா இரண்டாவது அலை வீசிய நேரம் அது. அப்படியும் அஞ்சலி செலுத்தக் கூட்டம் வந்தது. வந்தவர்களில் பலர் கையில் மரக்கன்று இருந்தது!

காரணம் உங்களுக்குத் தெரியும். அப்துல்கலாம் கேட்டுக்கொண்டதால், ஒரு கோடி மரம் நடுவேன் என்று கிளம்பியவர் அவர். "கிரீன் கலாம்" என்று அதற்குப் பெயர். ஊர் ஊராக அலைந்து சுமார் 33 லட்சம் கன்றுகள் நட்ட நிலையில் உயிர் பிரிந்தது. மீதி கணக்கு ரசிகர்கள் தலையில்!

கோட்டையில் வேலை

ஆபீஸ் போகிறவர்களுக்கு விவேக் மேல் தனிப்பாசம் உண்டு. சினிமாவுக்கு வருமுன் அவரும் தலைமைச் செயலகத்தில் பைல் பார்த்தவர்தான். டைரக்டர் பாலசந்தர் 1987-ல் "மனதில் உறுதி வேண்டும்" படத்தில் அறிமுகம் செய்தார். மக்கள் "சின்னக் கலைவாணர்" என்று அழைத்தார்கள்.

பெரிய கலைவாணருக்குத் தியாகராயநகரில் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில் அதைத் திறந்து வைத்தவர் முதல்-அமைச்சர் அண்ணா. அடுத்த மாதமே அண்ணாவும் மறைந்தார். சின்னவருக்குச் சிலை கேட்பதைவிட மரம் கேட்பதுதான் பொருத்தம். 2022-ல் விருகம்பாக்கம் பத்மாவதி நகரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. மற்றத் தெருக்களில்?

சிரிக்கும் படமா?

நினைவு நாள் நெருங்கினால் டீக்கடை வாசலில் பேச்சு தொடங்கும். "போஸ்டர் அடிக்கலாம்பா" என்பார் ஒருவர். எந்தப் படம் போடுவது? சிரிக்கிற முகத்துக்குக் கீழே "கண்ணீர் அஞ்சலி" என்று அச்சடித்தால் இடிக்கும். அழுகிற முகத்தைப் போட்டால் அது விவேக்கே இல்லை! கடைசியில் சிரிக்கிற படம்தான் ஜெயிக்கும். அதுவும் சரிதான்.

வம்பு அதற்கப்புறம். பணம் கொடுத்தவர்கள் படம் வரிசையாக ஏறும். மறைந்தவர் மூலையில் தபால்தலை அளவில் இருப்பார். பேனர் பேச்சே வேண்டாம். 2019-ல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை மறக்க முடியுமா? அஞ்சலி செலுத்தப் போய் இன்னொரு வீட்டில் இழவு விழக்கூடாது.

கத்திரி வெயில்

சரி, கன்றே நடுவோம் என்று முடிவாகிறது. இங்கேதான் ஒரு சங்கடம். நினைவு நாள் ஏப்ரல் 17. கத்திரி வெயில் வாசலில் நிற்கிற நேரம்! தார் ரோட்டு ஓரத்தில் நட்ட கன்று, இரண்டு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் விறகுதான்.

"போன வருஷம் இங்க ஒரு கன்னு வச்சாங்களே, அது எங்க?"

"போட்டோ எடுத்ததோட சரி சார். பாதி வெயில்ல போச்சு, மீதிய மாடு தின்னுடுச்சு!"

இதைக் கேட்காத தெரு சென்னையில் உண்டா?

வழி இருக்கிறது. விவேக் பிறந்த நாள் நவம்பர் 19. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதம். ஏப்ரலில் படத்துக்கு மாலை போடுங்கள், மோர் கொடுங்கள், யார் எந்தக் கன்றுக்குப் பொறுப்பு என்று பேசி முடியுங்கள். நடுவதை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழையே பாதி வேலை பார்த்துவிடும்.

இடம் பார்க்கும்போது மாநகராட்சியிடம் கேட்டுவிடுவது நல்லது. அடியில் கேபிளும் சாக்கடைக் குழாயும் ஓடும். வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் போன்ற நம் மண் மரமாகப் பாருங்கள். அழகுக்கு வைத்த மரங்கள் 2016 டிசம்பர் வர்தா புயலில் என்ன ஆயின என்று பார்த்தோமே!

இரண்டடி ஆழக் குழி. செம்மண், மக்கிய எரு. கன்றைக் குழியில் இறக்குமுன் பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுக்க வேண்டும். காமிராவுக்குச் சிரிக்கிற அவசரத்தில் பையோடு புதைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வேர் எங்கே போகும், பாவம்! மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். கூண்டு கட்டாயம். பக்கத்தில் துளையிட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பினால், கோடையில் ஈரம் மெல்லக் கசியும். பேனர் காசில் கூண்டும் பானையும் வாங்கலாம்.

40 பக்க நோட்டு

பத்துக் கடை உள்ள தெருவுக்குப் பத்துக் கன்று போதும். நூறு நட்டு விழா எடுப்பதைவிட இது மேல். கடைக்கு ஒன்று என்று பிரித்து, ஒரு 40 பக்க நோட்டில் பெயர் எழுதுங்கள். ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தெருவில் இருந்தால் அவரிடமே கொடுங்கள். தண்ணீர் ஊற்றியவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு கோடைக்குத்தான் இந்தப் பாடு.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தால் யார் ஊற்றுவது என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதிவிடுங்கள். சண்டை அங்கேதான் வரும்!