கீற்றுத் துணியில் ஒரு போர்வை

திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்றொரு பகுதி உண்டு. சங்கரர் பிறந்த காலடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலட் நெசவாளரைக் குடியேற்றிய ‘காலட் பேட்டை’யே மக்கள் நாவில் இவ்வாறு மருவிற்று. அந்நாளில் இக்கரையிலிருந்து முழுத்துணி கப்பலேறியது. இன்று இராயபுரத்தை அடுத்த பழைய வண்ணாரப்பேட்டைத் தையற்கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக எஞ்சுகிறது. பெரிய துண்டுகள் இயந்திரம் துடைக்கப் பயன்படும். இருவிரல் அகலக் கீற்றுகளைக் கேட்பாரில்லை. அவற்றால் போர்வை தைக்கும் முறையையே இப்பகுதிப் பெண்களுக்கு நான் கற்பித்து வருகிறேன்.

கீற்றோடு கீற்றை நேரே இணைத்தால் என்ன கெடும் என்று மாணவர்கள் கேட்கலாம். துணி பாவின் வழியாகவும் ஊடையின் வழியாகவும் இழுத்தால் எளிதில் நீளாது. மூலைவாட்டத்தில் இழுத்தால் நீளும். வெட்டுத்துணியோ எந்த வாட்டத்திலும் வெட்டுப்பட்டிருக்கும். ஆகவே வெறுமனே இணைத்தால் சதுரம் கோணிப்போகும். அடியில் ஒரு துணியை வைத்து அதன்மேல் தைத்தால் அது கோணலைத் தடுத்துவிடும். இம்முறையின் உயிர் அந்த அடித்துணியே.

எட்டரை அங்குலச் சதுரமாகப் பழைய வேட்டியை வெட்டிக்கொள்கிறோம். மூலைக்கு மூலை ஒரு கீற்றை நல்லபுறம் மேலாக வைக்கிறோம். அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, ஓரங்களைச் சேர்த்து, கால் அங்குலம் உள்ளே தைத்து, புரட்டி நகத்தால் அழுத்துகிறோம். இவ்வாறே இரு பக்கமும் மூலை வரை நிரப்பியபின், சதுரத்தைத் திருப்பிப் போட்டு, அடித்துணியின் விளிம்பை ஒட்டி மிச்சத்தை நறுக்குகிறோம். அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார நெருக்கடியில் செய்தித்தாளையே அடித்தாளாக வைத்துத் தைத்தனர். கிழிக்காமல் விட்ட தாளிலுள்ள தேதி இன்று ஆராய்ச்சியாளருக்குத் துப்பாகிறது. நமக்கு வேட்டியே மேல். அது உள்ளேயே தங்கிக் கனம் தருவதால், சென்னை வெக்கைக்குப் பஞ்சு வேண்டுவதில்லை.

நிறப்பொருத்தம் பார்ப்பதில் பெண்கள் அரைநாளைக் கழித்துவிடுகின்றனர். நடுக்கீற்று மட்டும் எல்லாச் சதுரங்களிலும் ஒரே நிறமாயிருக்கட்டும் என்பேன். மற்றவை கைக்கு வந்தபடி. நான்கு சதுரங்களை இணைத்ததும் அந்நடுக்கீற்றுகள் கூடி வைரவடிவம் காட்டும். பருத்தியோடு பாலியெஸ்டரைக் கலப்பதை மட்டும் நான் ஒப்புவதில்லை. ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. சாயம் போகும் துணியை முன்பே அலசிவிட வேண்டும். 1960-களில் அமெரிக்கர் சாயம் இறங்கும் மதராஸ் துணியையே நாகரிகமாகக் கொண்டாடினர் என்பது வேறு கதை!

இணைத்தபின் ஒவ்வொரு சதுரமும் எட்டு அங்குலமாகும். அகலத்தில் ஆறு, நீளத்தில் பத்து, ஆக 60 சதுரங்கள் ஒருவர் போர்த்தப் போதும். வாங்க வருவோர், “குப்பைத் துணிதானே, இவ்வளவு விலையா?” என்பர். துணிக்கு விலையில்லை, தைத்த கைக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு சதுரத்தின் பின்புறத்திலும், அதற்கு ஆன நிமிடங்களைப் பென்சிலால் எழுதச் சொல்கிறேன். பின்துணி வைத்து மூடுமுன் அறுபதையும் கூட்டி, அதன் பிறகே விலை பேசுகிறோம்.