முதுகுக்குப் பின்னால் பீரோ!

ஆபீஸில் ஒருவர் சுமாராகப் பாடுவார் என்று தெரிந்துவிட்டால் போச்சு, அப்புறம் அவருக்கு நிம்மதி கிடையாது. ஆயுத பூஜை, ரிடையர்மென்ட் பார்ட்டி, மானேஜர் பெண் கல்யாண ரிசப்ஷன்... எல்லாவற்றிலும் மைக்கை அவர் கையில் திணித்துவிடுவார்கள். நாலு பேர் கை தட்டியதும் அவருக்கும் ஓர் ஆசை முளைக்கும். 'வீட்லதான் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கே... நாமளே ரிக்கார்ட் பண்ணினா என்ன?'

தாராளமாகப் பண்ணலாம் சார்! ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோ ஆரம்பித்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. அதற்கப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற பெண்ணின் முதல் ஆல்பம், லாஸ் ஏஞ்சலீஸில் அவர் அண்ணனுடைய படுக்கையறையில்தான் பெரும்பாலும் பதிவானது. 2020-ல் 'வருடத்தின் சிறந்த ஆல்பம்' என்று கிராமி விருதையே தட்டிக்கொண்டு போனது.

இதையெல்லாம் படிக்கிற நம்ம ஆள் என்ன செய்வார்? போனஸ் வந்த அன்றைக்கே மைக் வாங்கக் கிளம்பிவிடுவார். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

என்னோடு பி.காம். படித்த நண்பர் ஒருவர், அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் இருக்கிறார். பதினைந்து வருஷமாகப் பேட்டைக் கோயிலில் மார்கழி மாசம் பாடுகிறவர். போன தீபாவளி போனஸை அப்படியே கொடுத்து, பளபளவென்று ஒரு கண்டென்ஸர் மைக் வாங்கினார். ஹாலில் நட்டார். பாடினார். போட்டுக் கேட்டால்... கிணற்றுக்குள்ளிருந்து யாரோ காப்பாற்றச் சொல்லிக் கத்துகிற மாதிரி இருந்தது. நடுவில் பக்கத்து வீட்டு குக்கரின் மூன்று விசில் மட்டும் துல்லியம்!

எனக்குப் போன் பண்ணினார். "என் குரலே இவ்வளவுதான்டா. பாதி விலைக்குக் கொடுத்துடறேன். யாராவது இருந்தா சொல்லு."

மைக் போனால் போகட்டும். குரலையும் சேர்த்துத் தலைமுழுகுகிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்படி வாயை மூடிக்கொண்ட பாடகர்கள் எத்தனை பேரோ!

விஷயம் இதுதான். நாம் பாடும்போது சத்தம் மைக்குக்கு மட்டும் போவதில்லை. சுவர், மொசைக் தரை, சீலிங் எல்லாவற்றிலும் மோதித் திரும்புகிறது. சத்தத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். பத்தடி அறையில் ஒரு சுவருக்குப் போய்விட்டு வர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. நேரில் கேட்டால் நம் மூளை இந்த எதிரொலியைப் பெரிசுபடுத்தாமல் விட்டுவிடும். மைக்குக்கு அந்த நாகரிகம் எல்லாம் தெரியாது. வந்ததையெல்லாம் வரவு வைத்துவிடும்.

இதற்கு முதல் மருந்து காசில்லாதது. கிட்டே போங்கள்! மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வரும் குரலின் அழுத்தம் இரட்டிப்பாகும். அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இரண்டடி தள்ளி நின்று பாடியவர் ஒரு சாண் தூரத்துக்கு வந்தாலே பாதிக் கிணறு காணாமல் போய்விடும். நேருக்கு நேர் ஊதாமல் லேசாகச் சாய்த்து வைத்துக்கொண்டால், 'ப' வரும்போதெல்லாம் பட்டாசு வெடிக்காது.

இரண்டாவது மருந்து, பீரோ. சிரிக்காதீர்கள். வீட்டில் பாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது 'கார்டியாய்ட்' வகை மைக். அது முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அதன் முன்னால் யார் இருக்கிறார்கள்? நீங்கள். உங்களுக்குப் பின்னால்? மொட்டைச் சுவர். எல்லோரும் மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டுகிறார்கள். மைக் பார்ப்பதோ உங்கள் முதுகுப் பக்கத்தை! எனவே துணிமணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். எதிர்ச் சுவரில் ஒரு கனமான ஜமக்காளமும் தொங்கினால் ரொம்ப விசேஷம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் போய்விடும் என்பது சுத்தக் கப்ஸா. முட்டைக்காரருக்குத்தான் லாபம். தெர்மக்கோலும் அதே கேஸ்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பால்காரர் வருவதற்கு முன்னால், நண்பர் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். ஃபேன் ஆஃப். அதே மைக், அதே குரல். போட்டுக் கேட்டபோது சமையலறையிலிருந்து அவர் அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா பாடறது, ரேடியோவா?" என்றார். நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாம்!

சரி, புதிதாக வாங்குகிறவர் எதை வாங்குவது? முன்பணம் இல்லாத என் யோசனை: டைனமிக் மைக். காந்தத்துக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருள் ஆடுகிற எளிய சமாசாரம். கரண்ட் வேண்டாம், கீழே விழுந்தாலும் சட்டென்று உயிரை விடாது. ஷூர் கம்பெனியின் எஸ்.எம்.58 என்ற மாடல் 1966-ல் வந்தது, இன்னும் விற்கிறது. மைக்கேல் ஜாக்ஸனின் 1982 'த்ரில்லர்' ஆல்பத்திலேயே அவர் குரலுக்கு டைனமிக் மைக் பயன்பட்டிருக்கிறது. அறைச் சத்தத்தை ஒதுக்குகிற மந்திரம் எதுவும் டைனமிக்குக்குத் தெரியாது. கிட்டே வந்தால்தான் சரியாக எடுக்கும் என்பதால் நம்மைக் கிட்டே இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கண்டென்ஸர், எதிர் ஃப்ளாட் மாமி மாதிரி. எல்லாம் காதில் விழும். அடக்கமான அறை இருந்தால் அற்புதம். அதற்கு 48 வோல்ட் வேறு ஊட்ட வேண்டும். 'மைக், ஸ்டாண்டு, வயர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்' என்று வரும் செட்டுகளில் லேப்டாப்பின் சின்ன ஓட்டையில் செருக ஒரு வயர் கொடுப்பார்கள். அந்த ஓட்டையில் வருவது ஒரு சில வோல்ட்தான். குழந்தை சத்தமே போடவில்லை என்று நீங்கள் தலையைச் சொறிவீர்கள்.

தனி ஆளாகப் பேச, பாட மட்டும் என்றால் யு.எஸ்.பி. மைக் போதும். நேராகக் கம்ப்யூட்டரில் செருகலாம். நாளைக்குக் கிட்டார்காரர் ஒருவர் வந்து சேருவார் என்றால், எக்ஸ்.எல்.ஆர். வயர் போடுகிற மைக்கும், நடுவில் 'இன்டர்ஃபேஸ்' என்ற சின்னப் பெட்டியும் வாங்குவது உத்தமம். காமர்ஸ் படித்தவன் என்பதால் தேய்மானக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். யு.எஸ்.பி. மைக்கில் உள்ளே இருக்கிற சர்க்யூட் போனால் மொத்தமும் ஸ்வாகா. இதில் பெட்டி போனாலும் மைக் மிஞ்சும், அது பத்து இருபது வருஷம் உழைக்கும்.

பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நம் குரல் கம்ப்யூட்டருக்குள் சுற்றிவிட்டுத் தாமதமாகக் காதுக்கு வந்தால் தாளம் தடுமாறும். அதே காரணத்தால் ப்ளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. காதை முழுசாக மூடுகிற, வயர் வைத்த ஹெட்போன்தான் வேண்டும். இல்லாவிட்டால் காதில் ஓடுகிற தம்பூரா மைக்கில் கசியும்.

கையில் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மைக்குக்கு 35, பெட்டிக்கு 35, ஹெட்போனுக்கு 15, ஸ்டாண்டு, வயர், ஜமக்காளத்துக்கு 15. கம்ப்யூட்டருக்கு? சைபர்! இருப்பதே போதும். 'ஆடாஸிட்டி' என்ற மென்பொருள் 2000-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. 24 பிட், 44,100 என்று வைத்து ஒற்றைக் குரலைப் பதிந்தால் நிமிஷத்துக்கு எட்டு எம்.பி.கூட ஆகாது.

செகண்ட் ஹாண்டில் வாங்குவதும் தப்பில்லை. ஆனால் விற்கிறவர் வீட்டுக்கே போய், ஹெட்போனை மாட்டி, பாடாமல் ஒரு நிமிஷம் சும்மா பதிந்து கேளுங்கள். வயரை மெல்ல ஆட்டியும் பாருங்கள். 'கரகர' என்று கேட்டால் விலையைக் குறைத்துப் பேச வேண்டாம். மோர் கொடுத்தால் குடித்துவிட்டு பஸ் பிடியுங்கள்.