கடலோடிய பெண்மணிகளும் கடற்படையில் பெண்களும்



வெள்ளவத்தையில் குடியிருப்போருக்குக் கடல், பக்கத்து வீடு மாதிரி. கொட்டாஞ்சேனையில் இருப்போருக்கோ துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மொட்டை மாடியில் நின்றாலே தெரியும். மாலையில் பிள்ளைகளைக் காற்று வாங்கக் கூட்டிச் செல்லும்போது, தூரத்தில் சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல் ஒன்று போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். “உம்மா, அந்தக் கப்பல்ல பெண்களும் வேலை செய்றாங்களா? நானும் படிச்சுப் போகலாமா?” என்று உங்கள் மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

“அதெல்லாம் நமக்கு ஆகாது” என்று வாயை அடைத்து விடுவோர் நம்மில் பலர். “காலம் மாறிவிட்டது, எதுவும் செய்யலாம்” என்று யோசிக்காமல் தலையாட்டுவோரும் உண்டு. இரண்டுமே பிள்ளையின் கேள்விக்குப் பதில் ஆகாது. மார்க்கம் அறிந்த தாய், முதலில் விஷயத்தை அறிய வேண்டும். பிறகுதான் தீர்ப்புக்கு வரவேண்டும்.

‘பஹ்ரிய்யா’ என்ற பெயர்

இன்று அரபு நாடுகளில் கடற்படைக்குப் பெயர் ‘அல்பஹ்ரிய்யா’. இதே சொல் ஒரு ஸஹாபிப் பெண்மணியைக் குறித்துச் சொல்லப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் அஸ்மா பின்த் உமைஸ் (ரழி). கணவர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்களுடன் கடல் கடந்து அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கைபர் வெற்றியின் காலத்தில் கப்பலேறி வந்து மதீனாவில் சேர்ந்தார். ஒரு நாள் அவர் ஹஃப்ஸா (ரழி) அவர்களின் வீட்டில் இருந்தபோது உமர் (ரழி) வந்தார்கள். இவர் யார் என்று விசாரித்து அறிந்ததும், அந்த அபிசீனியாக்காரியா, அந்தக் கடல்காரியா (பஹ்ரிய்யா) என்று கேட்டார்கள். ஹிஜ்ரத்தில் நாங்களே உங்களை முந்திக்கொண்டோம் என்றும் சொன்னார்கள். அஸ்மா (ரழி) சும்மா இருக்கவில்லை. தூர தேசத்தில் தாங்கள் பட்ட துன்பத்தை எடுத்துச் சொல்லி, நபி (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். உமருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பாக இருந்தது. கடலில் பட்ட சிரமம் வீண்போகவில்லை. அதைப் பேசி நியாயம் கேட்ட பெண்ணை எவரும் கண்டிக்கவுமில்லை.

துஆ கேட்டுப் பெற்ற கடற்பயணம்

இரண்டாமவர் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரழி), அனஸ் (ரழி) அவர்களின் சாச்சி முறையான தாயின் சகோதரி. நபி (ஸல்) அவர்கள் அவரது வீட்டில் உறங்கி, புன்னகையுடன் விழித்த செய்தி புகாரியில் வருகிறது. தம் உம்மத்தினர் அரியணையில் அமர்ந்த மன்னர்களைப் போலக் கடலில் செல்வது காட்டப்பட்டதாகக் கூறியபோது, என்னையும் அவர்களில் ஒருத்தியாக ஆக்க துஆச் செய்யுங்கள் என்று அவர் வேண்டினார். அந்த துஆ பலித்தது.

உமர் (ரழி) கடற்படையெடுப்புக்கு அனுமதி தர மறுத்திருந்தார்கள். கடல் ஆபத்தில் முஸ்லிம்களைத் தள்ள அவர்கள் விரும்பவில்லை. பின்னர் உஸ்மான் (ரழி) அனுமதித்தபோது, முஆவியா (ரழி) தம் மனைவியையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என நிபந்தனை விதித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 28ஆம் ஆண்டளவில் நடந்த சைப்ரஸ் பயணத்தில், உம்மு ஹராம் தம் கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரழி) அவர்களுடன் சென்றார். கரையிறங்கியபின் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து அங்கேயே வபாத்தானார். சைப்ரஸில் லார்னக்கா நகருக்கருகே உப்பு ஏரிக்கரையில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. துருக்கியர் அதை ‘ஹலா சுல்தான்’ என்கின்றனர்.

அச்சேயின் பெண் தளபதி

கொம்பனித்தெருவில் வாழும் நம் மலாய்ச் சகோதரிகளின் மூதாதையர் வந்த தீவுக்கூட்டத்தில், சுமாத்திராவின் வடமுனையில் அச்சே என்ற சுல்தானியம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் கடற்படைத் தளபதியாக இருந்தவர் மலஹயாத்தி என்ற முஸ்லிம் பெண். போரில் கணவரை இழந்த விதவைகளைக் கொண்ட ‘இனோங் பாலே’ என்ற படையை அவர் நடத்தினார். 1599இல் ஒல்லாந்தரின் கப்பல்களுடன் நடந்த மோதலில் தலைவன் கோர்னேலிஸ் த ஹூட்மன் கொல்லப்பட்டான். அவன் தம்பி சிறைப்பட்டான். 2017இல் இந்தோனேசிய அரசு மலஹயாத்தியைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது.

கொழும்புக்கு வந்தவர்கள், வராமல் போனவர்கள்

பிரிட்டிஷ் கடற்படையின் பெண்கள் பிரிவு 1917இல் தொடங்கி, 1919இல் கலைக்கப்பட்டு, 1939இல் மீண்டும் அமைக்கப்பட்டது. அதைச் சேர்ந்தோரை ‘ரென்’ என்பர். 1942 ஜனவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழும் நிலையில் இருந்தபோது, அங்கே கம்பியில்லாத் தந்தி கேட்கும் வேலையிலிருந்த ரென் பெண்கள் கொழும்புக்கு மாற்றப்பட்டார்கள். பின்னர் கொழும்பில் ‘அண்டர்சன்’ என்ற ஒட்டுக்கேட்பு நிலையம் அமைந்தது. இரவு பகலாகக் காதுக் கருவி மாட்டி, எதிரியின் செய்திகளை எழுதியெடுப்பது அவர்களின் வேலை.

1944 பெப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெதீவ் இஸ்மாயில்’ என்ற கப்பலை மாலைதீவுக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கி, ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். தாதியரும் ரென்களுமாகக் கப்பலில் இருந்த பெண்களில் பிழைத்தோர் 6 பேர் மட்டுமே. அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். ஆனாலும் கடல் அவர்களுக்குச் சலுகை காட்டவில்லை.

நம் கரையும் அண்டைக் கரையும்

1950இல் உருவான இலங்கைக் கடற்படையில், 1980களில் தொண்டர் படை வழியாகப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். பின்னர் நிரந்தரப் படையிலும் இடம் பெற்றனர். அதே காலத்தின் போரில் கடற்புலிகளிலும் பெண்கள் பிரிவு இருந்தது. 2009இல் போர் முடியும் வரை இக்கடலில் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் மாண்டார்கள். ஆகவே ‘கடற்படை’ என்ற சொல்லை வெறும் வெள்ளைச் சீருடையாக மட்டும் நாம் பார்க்க முடியாது. உயிர் எடுப்பதும் கொடுப்பதும் அதில் உண்டு.

இந்தியக் கடற்படை 1992இல் பெண் அதிகாரிகளைச் சேர்த்தது. ஆனால் ஆண்களுக்குரிய நிரந்தரப் பதவி உரிமைக்காக அவர்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்ட இரு பெண் அதிகாரிகள், ‘தாரிணி’ என்ற சிறு பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினர். ஒருவர் கேரளத்துத் தில்னா, மற்றவர் புதுச்சேரியின் ரூபா.

கஷ்டங்கள் எவை?

முதலாவது, கப்பலின் அமைப்பு. ஆண்களுக்கென்றே கட்டப்பட்ட கப்பல்களில் படுக்கையறை, குளியலறை, உடை மாற்றும் இடம் எல்லாம் நெருக்கமானவை. பிரிட்டிஷ் கடற்படையே 1990இல்தான் பெண்களைப் போர்க்கப்பலில் கடலுக்கு அனுப்பியது. இரண்டாவது, குடும்பம். மாதக்கணக்கில் கடலில் இருப்பவர் கர்ப்பமுற்றால், பால்குடிப் பிள்ளை இருந்தால் என்ன செய்வது? மூன்றாவது, மானம். நீர்மூழ்கிப் பிரிவில் பெண்கள் இழிவாக நடத்தப்பட்டது விசாரணையில் தெரியவந்து, 2024 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சட்டம் இருந்தும் இந்த நிலை என்றால், பெற்றோர் பயப்படுவதைப் பத்தாம்பசலித்தனம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

போருடன் தொடர்புள்ள சேவையே பெண்ணுக்கு விலக்கப்பட்டது என்று சொல்ல ஆதாரமில்லை. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்தார், காயமுற்றோரைப் பராமரித்தார். உம்மு அதிய்யா (ரழி) ஏழு போர்களில் உணவு சமைத்து, நோயாளிகளைக் கவனித்தார்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. உம்மு ஹராமும் அஸ்மாவும் கணவருடன் சென்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மஹ்ரம் இன்றிப் பெண் பயணம் செய்வதை ஹதீஸ் தடுக்கிறது. நம்பிக்கையான கூட்டமும் பாதுகாப்பும் இருந்தால் இக்காலத்து அறிஞர் சிலர் இடம் தருகின்றனர். நமது ஷாபிஈ மத்ஹபின் பொதுவான நிலைப்பாடு கடுமையானது. அந்நிய ஆண்களுடன் தனித்திருத்தல், மறைக்க வேண்டியதை மறைக்க இடம் தராத உடை, தொழுகை தவறும் நிலை ஆகியவை எந்த வேலையிலும் ஆகா, கடற்படைக்கு மட்டும் உரியவை அல்ல.

எனவே மகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: “மகளே, கடற்படை என்றால் கப்பல் மட்டுமல்ல. வைத்தியர், தாதி, பொறியியலாளர், கணக்காளர், கடலடி அளப்போர் என்று கரையிலும் வேலை உண்டு. உயர்தரத்தை நன்றாகப் படி. சேருமுன் நான்கு கேள்வி கேள்: எங்கே தங்குவேன்? என்ன உடை? தொழ நேரம் உண்டா? முறைப்பாடு செய்தால் யார் கேட்பார்?” இந்த நான்குக்கும் எழுத்தில் தெளிவான பதில் கிடைத்தால் ஆலிம்களிடம் ஆலோசியுங்கள். கிடைக்காவிட்டால் மகளே தன் முடிவை எடுப்பாள். நீங்கள் தடுத்ததாக இராது.

நாம் பெண் வைத்தியரைத் தேடி அலைகிறோம். சோதனைச் சாவடியில் நம் பெண்களைப் பெண்ணே சோதிக்க வேண்டும் என்று கேட்கிறோம். 2019 ஏப்ரலுக்குப் பின் அதை எத்தனை முறை கேட்டோம்! அந்த வேலைக்கு ஊரார் வீட்டுப் பெண்கள் மட்டுமே போகவேண்டும், நம் வீட்டுப் பிள்ளைகள் போகக் கூடாது என்றால் அது நீதியா? சிந்தியுங்கள்.

நம் பெண் மக்களுக்குப் பயன் தரும் கல்வியையும் மானம் காக்கும் தொழிலையும், கரையிலும் கடலிலும் பாதுகாப்பையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.