சத்தைச் சொல்லி விற்போம், சரியாகச் சொல்லி விற்போம்

மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் விலையைக் கேட்டார்கள், எடையைப் பார்த்தார்கள். இன்று கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "அண்ணாச்சி, வெந்தயம் சர்க்கரைக்கு நல்லதாமே?" "கேழ்வரகு சாப்பிட்டால் எலும்பு பலப்படுமா?" டாக்டரிடம் கேட்கத் தயங்குகிறவர்கள்கூட, பல வருடம் பழகிய கடைக்காரரிடம் தயங்காமல் கேட்டுவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் பதில் சரியாக இருக்க வேண்டும். ஆகவே, நம் கடைகளில் அன்றாடம் புழங்கும் சில சரக்குகளின் உண்மையான பலன் என்ன, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, பலன் கெடாமல் எப்படி வைத்து விற்பது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கேழ்வரகும் சிறுதானியங்களும்

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் கடையின் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டன. இவற்றில் கேழ்வரகின் சிறப்பு சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 முதல் 360 மில்லிகிராம் வரை இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்கே உண்டு. முளைகட்டி அரைத்தால் இந்தச் சத்து உடலில் சேர்வது இன்னும் எளிதாகும். குழந்தைகளுக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கும் நம் வழக்கம் அர்த்தமுள்ளது.

ஆனால் "சர்க்கரை நோயாளிகள் கேழ்வரகை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லிவிடக் கூடாது. அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். கூழாகவும் கஞ்சியாகவும் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாகவே ஏறும். அளவோடு, காய்கறி, பருப்போடு சாப்பிடச் சொல்வதே சரி.

கொள்முதல் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாமையும் வரகும் வெள்ளை வெளேரென்று தீட்டி வந்தால், நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போயிருக்கும். பழுப்பு நிறம் மாறாத சரக்கையே கேட்டு வாங்குங்கள். கம்பு மாவு அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். தானியமாக இருப்பு வைத்து, தேவைக்கு அரைத்து விற்பதே நல்லது.

பருப்பும் பயறும்

பாசிப்பயறு, துவரை, உளுந்து, கடலை ஆகியவற்றில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் தாராளமாக இருக்கிறது. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இட்லியும் பொங்கலும் பருப்புச் சாதமும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் உணவுகள். உலர்ந்த பயறில் இல்லை எனலாம் என்ற அளவிலுள்ள வைட்டமின் சி, முளைகட்டியதும் உண்டாகிறது. விலை உயர்ந்த சத்து மாவு டப்பா கேட்டு வரும் ஏழை வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு டப்பா விற்பனை குறைந்தாலும், அவர் நம் கடையை விட்டுப் போக மாட்டார்.

வேர்க்கடலை

எடையில் கால் பங்கு புரதம். இவ்வளவு மலிவாக இவ்வளவு புரதம் தரும் சரக்கு வேறு அதிகம் இல்லை. ஆனால் நாம் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சரக்கும் இதுதான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். மனிதர்களுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வறுத்தாலும் முழுவதும் அழியாது.

ஆகவே ஈரம் போகக் காய்ந்த பருப்பையே எடுங்கள். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சை பூத்தது எதுவானாலும் பொறுக்கித் தூர எறியுங்கள். அதை மிட்டாய்க்கோ மாட்டுத் தீவனத்துக்கோ தள்ளிவிடக் கூடாது. நஞ்சு பாலிலும் இறங்கும்.

வெந்தயம்

இதன் எடையில் பாதியளவு நார்ச்சத்து. தண்ணீரில் ஊறியதும் வழவழப்பாகிறதே, அந்தக் கரையும் நார்தான் உணவுச் சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு வெந்தயம் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. ஆனால் அதில் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, நாளொன்றுக்கு 100 கிராம். காலையில் ஒரு ஸ்பூன் ஊறவைத்துக் குடிப்பதற்கும் அதற்கும் வெகு தூரம்.

"நல்லதுதான், சாப்பிடுங்கள்" என்று சொல்லலாம். "மாத்திரையை விட்டுவிடலாம்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. நம் ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், போவது அவருடைய காலாகவோ கண்ணாகவோ இருக்கலாம். மாத்திரையோடு வெந்தயத்தை அதிகமாகச் சேர்க்கிறவர்களையும் டாக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடும்.

மஞ்சள்

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இது எங்கள் வீட்டு அறிவு என்று இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் வழக்காடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகோடு சேரும்போது பல மடங்கு அதிகமாகச் சேர்கிறது என்று பெங்களூர் ஆய்வு ஒன்று 1998-ல் காட்டியது. நம் ரசத்தில் இரண்டும் இருக்கின்றன.

இவ்வளவு பெருமையையும் கெடுப்பது ஈய குரோமேட் என்னும் மஞ்சள் சாயம். விரலி பளபளக்க இதைப் பூசுகிறவர்கள் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு விரலியைப் போட்டுப் பாருங்கள். உடனே சாயம் பளிச்சென்று இறங்கினால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி

வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாது உப்புகள் இவற்றில் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். "சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டிக் காபி ஒன்றும் செய்யாது" என்பது தவறான பேச்சு. வெளிர் மஞ்சளாக மின்னும் வெல்லத்தில் வெளுப்புக்கு ஹைட்ரோஸ் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். கருத்த வெல்லத்தை வாடிக்கையாளர் ஒதுக்கினால், நிறத்தின் காரணத்தை எடுத்துச் சொல்லி விற்கலாம்.

சட்டமும் நாணயமும்

சத்து இருப்பதைச் சொல்வது வேறு, நோய் தீரும் என்று சொல்வது வேறு. "நீரிழிவைக் குணப்படுத்தும்" என்று போர்டு வைப்பதையும் நோட்டீஸ் அடிப்பதையும் 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டமே தடை செய்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 53-வது பிரிவின்படி, உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். மொத்த வியாபாரி கொடுத்த நோட்டீஸ்தானே என்று ஒட்டிவைத்தாலும் சிக்கல் நமக்குத்தான்.

நல்ல சரக்குக்குப் பொய் விளம்பரம் தேவையில்லை. காய்ந்ததாக, கலப்படமில்லாததாக, பழசாகாததாகக் கொடுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். நோயைப் பற்றிய கேள்வி வந்தால் டாக்டரைக் கை காட்டுங்கள். வாடிக்கையாளரின் குடும்பம் நலமாக இருந்தால்தான் அடுத்த மாதச் சாமான் பட்டியலும் நம் கடைக்கு வரும்.