ஒரே விரால், பல வாய்

ஒரு கண்மாயில் இருக்கும் ஒரே இன மீன்கள் எல்லாம் ஒரே பிழைப்பைப் பிழைப்பதில்லை. விரலளவு விராலுக்கும் முழங்கையளவு விராலுக்கும் பெயர் ஒன்றுதான். இரை வேறு, எதிரி வேறு, தங்கும் இடமும் வேறு. மீன் முட்டையிலிருந்து மிகச் சிறியதாக வெளிவந்து, பல்லாயிரம் மடங்கு எடை கூடும்வரை அதே தண்ணீரில் வளர்கிறது. இரையைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்குகிறது. அதனால் யார் யாரைத் தின்பது என்பதை இனத்தைவிட வாயின் அகலமே பல சமயம் முடிவு செய்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் கண்மாய்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். கோடையில் பல கண்மாய்களின் தரை வெடித்துக் கிடக்கும். மழை ஒரே தவணையில் பெய்வதில்லை. முதல் மழைக்குப் பொரித்தவைக்கும் மூன்று வாரம் கழித்துப் பொரித்தவைக்கும் இடையே விழும் அளவு வித்தியாசம்தான் அந்த ஆண்டுக் கண்மாயின் போக்கை மாற்றுகிறது.

புது மழைத் தண்ணீரில் முட்டையிடும் தட்டான்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் புழுக்கள் சில வாரங்களிலேயே வளர்ந்து பறந்துவிடும். எல்லாம் ஒரே நாளில் பொரித்தால் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இரைக்குப் போட்டி நடக்கும், ஒன்றையொன்று தின்பது குறைவு. பொரிப்பு முன்பின்னாக நடந்தால் மூத்த புழு இளைய புழுவைத் தின்னும். தப்பிய சிறியவை பாசிக்குள் ஒடுங்கி, வேட்டையைக் குறைத்துக்கொள்ளும். அந்த ஒதுக்கம் கொசுப்புழுவுக்கு லாபம். மழைக்காலத்தில் மஞ்சளேறும் பெரிய தவளையின் தலைப்பிரட்டையும் இப்படித்தான்: பாசியோடு நில்லாமல் மற்றத் தலைப்பிரட்டைகளையும் தன் இனத்தையும் தின்கிறது.

விரால் இதில் தலையாய உதாரணம். செம்மஞ்சள் நிறத்தில் திரளாகத் திரியும் குஞ்சுகள் தாய் தகப்பன் காவலில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் மிதவை உயிர்களைத் தின்கின்றன. கொஞ்சம் வளர்ந்ததும் பூச்சி, கூனிறால். பிறகு மீனும் தவளையும். ஒரே பார்ப்பில் வந்த குஞ்சுகளுக்குள்ளேயே வேகமாக வளர்ந்தது பின்தங்கியதை விழுங்கிவிடும். விரால் வளர்ப்போர் குஞ்சுகளை அவ்வப்போது அளவு பார்த்துப் பிரித்து விடுவது இதற்காகத்தான். கண்மாயில் பிரித்துவிட ஆளில்லை.

பெரிய விரால் இல்லாத கண்மாயில் ஜிலேபிக் கெண்டை பெருகும். 1952இல் இந்தியாவுக்கு வந்த இந்த மீன், நெரிசல் கூடினால் உள்ளங்கையளவுகூட வளராமலே சினைப்பிடித்துவிடும். கண்மாய் நிறைய மீன், கறிக்கு ஒன்றும் தேறாது. இதில் இன்னொரு கணக்கும் உண்டு. உடல் பெரிதாகப் பெரிதாக, ஒரு கிராம் எடைக்கு வேண்டிய ஆற்றல் குறைகிறது என்று 1932இல் மாக்ஸ் கிளைபர் காட்டினார். அதன்படி ஒரு கிலோ பொடி மீன், ஒரு கிலோ பெரிய மீனைவிடக் கூடுதலாகத் தின்னும்.

தின்பதில் அளவு பார்ப்பது தண்ணீரின் நிறம்வரை எட்டும். 1965இல் ஜான் புரூக்ஸ், ஸ்டான்லி டாட்சன் இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் ஏரிகளை ஒப்பிட்டனர். மிதவை உயிர்களைத் தின்னும் ஒரு மீன் குடியேறிய ஏரியில் பெரிய மிதவை உயிர்கள் மறைந்து பொடியவை மட்டும் நின்றிருந்தன. பெரியவைதான் பாசியைத் திறமாக வடித்துத் தின்பவை. அவை போனால் பச்சை ஏற வழி பிறக்கிறது. கரிசல் களி கலங்கி நிற்கும் கண்மாயில் மீனின் பார்வை அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே தெளிந்த ஏரியின் பாடத்தை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது.

நார்வேயின் டாக்வாட்ன் ஏரியில் நடந்தது இன்னும் வியப்பு. ஆர்க்டிக் சார் என்னும் மீன் நெரிசலில் வளர்ச்சி குன்றிக் கிடந்தது. அதைத் தின்ன வேண்டிய டிரவுட் மீனோ அருகிவிட்டது. 1984 முதல் 1989 வரை சார் மீனை டன் கணக்கில் வாரி எடுத்தார்கள். இரையைக் குறைத்தால் வேட்டை மீன் இன்னும் நலியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. நெரிசல் குறைந்ததால் சார் குஞ்சுகள் பெருகின, டிரவுட்டின் வாய்க்கு ஏற்ற அளவில் இரை கிடைத்தது, டிரவுட் மீண்டது.

கரிசலில் பெரிய மீன் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது வலை மட்டுமல்ல, கோடையும்தான். வண்டல் மேவிய கண்மாய் சீக்கிரம் வற்றும். அடுத்த மழைக்குள் பெரிய மீன் மிஞ்சாது. விரால் காற்றைக் குடித்துச் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் சேறாவது ஈரமாக இருக்க வேண்டும். தூர்வாரும்போது தரை முழுவதையும் ஒரே மட்டமாகச் சீவாமல், மடைக்கு அருகே ஆழமான பள்ளம் ஒன்றை விட்டுவைக்க ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும். மீன்பாசி குத்தகைக்காரரும் கடைசியாக மீன் பிடிக்கும்போது பெரிய விரால் சிலவற்றை அந்தப் பள்ளத்திலேயே விட்டுவைப்பது நல்லது.