நாற்பதுக்குப் பிறகு எங்கே போவது, யாரைப் பார்ப்பது?

மனித வாழ்வில் 40 வயதைத் திருக்குர்ஆன் தனியாகக் குறிப்பிடுகிறது. அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15-வது வசனத்தில், முழு வலிமை பெற்று நாற்பதை அடைந்த மனிதன் கேட்கும் துஆ வருகிறது. தனக்கும் தன் பெற்றோருக்கும் கிடைத்த அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்தும் மனதை அவன் கேட்கிறான். நற்செயல் செய்யும் வாய்ப்பையும் பிள்ளைகளின் நலனையும் சேர்த்துக் கேட்கிறான். நடுவயது என்பது பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய இடம் என்பதை இந்த வசனத்திலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நம் குடும்பங்களில் இந்த வயதில்தான் பயண ஆசையும் வருகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும், பிள்ளைகளும் வளர்ந்திருப்பார்கள். இஸ்தான்புல், காஷ்மீர், மலேசியா என்று பட்டியல் நீளும். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர்கள் இருக்கும் அளவுக்கு மனிதர்களின் பெயர்கள் இருப்பதில்லை. ஊர்களை அடுத்த வருடமும் பார்க்கலாம். எண்பது வயதுப் பெரியவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கடமையான பயணம்

வசதியும் உடல்நலமும் உள்ளவருக்குப் பட்டியலின் முதல் வரி ஹஜ். "ரிட்டயர் ஆன பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவோர் அதன் உடலுழைப்பை யோசிக்க வேண்டும். ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடக்கும் ஸயீ மட்டுமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர். தவாஃபும் மினா, அரஃபா, முஸ்தலிஃபா பயணங்களும் தனி. முழங்கால் ஒத்துழைக்கும் வயதில் செய்வதே நல்லது.

மனிதரைத் தேடிப் போன பயணங்கள்

நம் மார்க்க வரலாற்றில் மறக்க முடியாத பயணங்கள் பல, மனிதர்களைத் தேடிப் போனவை. மூஸா (அலை) அவர்கள் ஹிள்ரு (அலை) அவர்களைத் தேடிப் போனதை அல்கஹ்ஃப் அத்தியாயம் விரிவாகச் சொல்கிறது. ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஓர் ஒட்டகத்தை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாமில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்தார்கள்.

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பிறகு, அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும் உம்மு அய்மன் (ரலி) அவர்களைப் பார்க்கப் போனார்கள். நபியவர்கள் வழக்கமாகச் சந்தித்து வந்த மூதாட்டி என்பதே அதற்குக் காரணம். இப்னு உமர் (ரலி) மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டதும் தம் கழுதையையும் தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கிராமவாசியின் தந்தை உமர் (ரலி) அவர்களின் நண்பர். தந்தையின் நண்பர்களோடு உறவைப் பேணுவது தந்தைக்குச் செய்யும் நன்மையே என்று நபியவர்கள் கற்றுத் தந்திருந்தார்கள். அத்தாவை இழந்த பிள்ளைகளுக்கு இன்னும் திறந்திருக்கும் வாசல் இது.

நம் ஊர்ப் பெரியவர்கள்

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இதில் இன்னோர் அவசரமும் உண்டு. நம் முன்னோரில் பலர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமுக்குச் சபுர் போனவர்கள். சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. 1975 ஏப்ரல் 30-ல் அந்நகரம் வீழ்ந்தபோது அங்கே இருபது வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தொட்டவர். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. ஒரே குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுக்காரராகவும் மற்றவர் இந்தியராகவும் ஆன காலம் அது. அந்த முடிவைத் தாமே எடுத்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், யாருடைய கடனை அடைத்தார்கள், எந்தச் சொந்தம் எந்த ஊரில் இருக்கிறது என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க முடியும். ஜனாஸாவுக்குக் கூடிய பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

பக்கத்து இடங்கள்

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. தேங்காய்த்திட்டில் இருப்பவர் அதற்காக விமானம் ஏறத் தேவையில்லை. அரியாங்குப்பம் ஆற்றுக்கு அப்பால் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது ரோமானியர் ஜாடிகளின் துண்டுகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. அங்கே மணிகள் செய்து கடல் கடந்து விற்றார்கள். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் கப்பல்கள் வந்த துறை, இன்று மரங்களும் பழைய செங்கல் சுவர்களும் நிற்கும் அமைதியான மேடு. பிள்ளைகளைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போகும் ஞாயிறுகளில் ஒன்றை இதற்குத் தரலாம்.

எப்படித் தொடங்குவது?

ஒரு தாளில் ஐந்து வகையாகப் பெயர் எழுதுங்கள்: அத்தாவின் நண்பர்கள், தாய்வழி தந்தைவழிப் பெரியவர்கள், ஓதிக் கொடுத்த ஹஜ்ரத்துகளும் பள்ளி ஆசிரியர்களும், நோயாளிகள், பேச்சு நின்றுபோன சொந்தங்கள். வயதிலும் நோயிலும் முந்தியவரை முதலில் பாருங்கள்.

கடைசி வகைதான் கடினம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது ஆகாது என்பது நபிமொழி. பதிலுக்குப் பதில் உறவாடுபவர் உறவைப் பேணுபவர் அல்லர், அறுந்த உறவைச் சேர்ப்பவரே உறவைப் பேணுபவர் என்பதும் நபிமொழியே. சொத்துக் கணக்கு தீரட்டும் என்று காத்திருந்தால், சில வேளை ஆளே இருக்கமாட்டார். கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், ஸலாம் சொல்லிவிடலாம்.

போகுமுன் போனில் அனுமதி கேளுங்கள். நோயாளியிடம் அதிக நேரம் உட்காராதீர்கள். முடிந்தால் பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாளை நம்மைப் பார்க்க வரும் வழியை அவர்கள் இப்படித்தான் கற்றுக்கொள்வார்கள்.

உறவுகளைச் சேர்ப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.